ஓடத்தில் மூன்றாவது ஆள்

அந்தப் பச்சைத் துண்டு இன்றைக்கும் என் கண்ணை உறுத்துகிறது. மறைமலைநகருக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ் மாமல்லபுரத்தில் கிளம்பும்போதே, சூப்பர்வைசர் அதைத் தன் பக்கத்து சீட்டில் விரித்துவிடுவார். திருவிடந்தையில் ஏறும் நான் பார்த்திருக்கிறேன், மாசமான பெண் கம்பியைப் பிடித்து நின்றாலும் துண்டு நகராது. கேளம்பாக்கத்தில் அவருடைய அக்கா மகன் ஏறின பிறகுதான் அதை எடுப்பார்.

புராணத்திலிருந்து தினம் ஒரு புதிர் போடுவார். வண்டலூர் வருவதற்குள் விடை சொல்ல வேண்டும், அதுதான் சட்டம். நச்சுப் பொய்கைக் கரையில் தம்பிகள் நால்வரும் செத்துக் கிடக்க, ஒருவனுக்கு மட்டும் உயிர் தருகிறேன் என்கிறது யட்சன். தருமன் கூடப் பிறந்த வீரர்களை விட்டுவிட்டு, சிற்றன்னையின் மகனைக் கேட்டானே, ஏன்? யாருக்கும் தெரியவில்லை. “நாயம் சொல்றவன் மொதல்ல தன் ஆளை வுட்டுக்குடுக்கணும்” என்று அவரே விளக்கினார். நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

ஒருநாள் காலை அவரே கட்டிய புதிர் வந்தது. “பிரளயம் வருது. ஓடத்துல ரெண்டு பொம்பளைங்க கீறாங்க. ஒருத்திக்குத்தான் எடம். ஒருத்தி வேலைல கைகாரி, தனிக்கட்டை. இன்னொருத்தி புள்ளைக்காரி, வேலை சுமாரு. யாரை எறக்குவ?”

பஸ்ஸே இரண்டு கட்சியாகக் கத்தியது. நான்தான் எழுந்து சொன்னேன். “கைகாரியை எறக்கு சார். அவ எப்படியும் நீந்திப் பூடுவா.” எல்லோரும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த தோழி, இரண்டு குழந்தைகளின் தாய், அவளும் தட்டினாள்.

மத்தியானம் கூப்பிட்டனுப்பினார். “லைன்ல காண்டிராக்ட் ஆளு ஒண்ணைக் கொறைக்க சொல்லிட்டாங்கம்மா. நாளைலேர்ந்து வராத. காலைல நீயே நாயம் சொல்லிட்டியே.”

என் பதிலை இன்றைக்கும் மாற்ற மாட்டேன். தோழியின் பிள்ளைகள் சாப்பிடட்டும். ஆனால் தனிக்கட்டை என்றாரே, படுத்த படுக்கையாய்க் கிடந்த என் அப்பாவைத் தெரியாதா அவருக்கு? அதைக்கூட விடுங்கள். எங்கள் லைனில் காண்டிராக்ட் ஆட்கள் நானும் தோழியும் மட்டும் இல்லை, மூன்று பேர். மூன்றாவது ஆள் அந்த அக்கா மகன். எங்களுக்கெல்லாம் பின்னால் சேர்ந்தவன். வேலையும் வராது, பொறுப்பும் கிடையாது. அவனை ஓடத்திலேயே ஏற்றாமல் கதை சொன்ன மனுஷன், என் வாயாலேயே என்னைத் தள்ளினார். தருமன் கதையைச் சொன்ன அதே வாய்!

போன மாதம் திருவிடந்தையில் தாம்பரம் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் அவர். தலை முழுக்க நரைத்திருந்தது. பக்கத்து சீட்டில் துண்டு.

“ஆளு வருது” என்றார்.

“வரட்டும்” என்று துண்டை எடுத்து அவர் மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தார். “நல்லா கீறியாம்மா? கைகாரி எப்படியும் பொழைச்சுக்குவான்னு அன்னிக்கே சொன்னியே.”

“அந்த ஓடத்துல மூணாவதா ஒருத்தன் இருந்தானே சார், அவனை ஏன் கதையில சொல்லல? வண்டலூர் வர்றதுக்குள்ள சொல்லணும்.”

சிரிப்பு நின்றது. கேளம்பாக்கம் போயிற்று. ஏறினவர்களில் ஒருவரும் அவரைத் தேடி வரவில்லை. துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். வண்டலூரும் வந்துவிட்டது.