கிட்வாய் நகர் காப்பி மிஷின்

1978 ஜனவரியில் ஒரு ஞாயிறு, காலை ஏழரை மணி. சென்னையிலிருந்து இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ரயிலில் இரண்டு இரவு. புது தில்லி நிலையத்தில் வாயைத் திறந்தால் புகை வந்தது. மதுரைக்காரனுக்கு அதுவே பெரிய அதிசயம். ஆறு ரூபாய் ஆட்டோவில் கிட்வாய் நகர் சேர்ந்தேன். தங்கை மீனாவும் அவள் கணவரும் அங்கே அரசுக் குடியிருப்பில் இருக்கிறார்கள்.

ஒன்பது மணி. சமையலறையில் நீலப் பூச்சு உதிர்ந்த எனாமல் கெட்டிலும், மரப்பெட்டிமேல் இரும்புக் கைப்பிடி வைத்த, காப்பிக்கொட்டை அரைக்கும் மிஷினும் இருந்தன.

"பில்டர் எங்க?" என்றேன்.

"இந்தக் குளிர்ல டிகாஷன் இறங்குறதுக்குள்ள ஆறிப்போகும்ணே. கெட்டில்லதான் போடுவோம்."

அந்த பிளாக்கின் நான்கு தமிழ் வீடுகளுக்கும் அந்த ஒரே மிஷின்தான். மாடி வீட்டு ஜெயா, டைபாய்டில் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, அன்று நான்கு மணிக்குத் திரும்புகிறாள். டாக்டர் காப்பிக்குத் தலையாட்டியதும் அவள் கேட்டது, "நம்ம மிஷின் காப்பி" மட்டுமே. நான் கொண்டுவந்த வறுத்த கொட்டை அவளுக்காகத்தான்.

மீனா பால் வாங்கப் போனாள். உதவுகிறேன் பேர்வழி என்று மிஷினின் இழுப்பறையைத் திறந்தேன். பழைய தூள் ஒரு ஸ்பூன் கிடந்தது. அதைக் கொட்டிவிட்டு, மிஷினைக் கழற்றி, குழாயடியில் பளபளவென்று கழுவி வைத்தேன்.

"ஐயோ அண்ணே, அதுக்குத் தண்ணி காட்டலாமா? இந்தப் பனியில மூணு நாளானாலும் காயாதே! உள்ள இருந்த தூளையும் கொட்டிட்டியா?" பாலோடு திரும்பிய மீனா பதறினாள்.

அரைக்கிற வீடு ஒரு ஸ்பூன் தூளை உள்ளேயே விட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு மிஷினை அனுப்புமாம். அதன்மேல்தான் அடுத்தவர் அரைப்பார்களாம். ஆறு வருஷமாக விட்டுப்போகாத வழக்கம்.

பன்னிரண்டு மணிக்கும் வெயிலைக் காணோம். மீனா ஈர மிஷினை முந்தானையில் சுற்றிக்கொண்டு, வேப்பமரத்தடியில் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடுபவரிடம் ஓடினாள். "பையா, ஜல்தி!" அண்ணா, சீக்கிரம் என்று இந்தியில் அவசரப்படுத்தினாள். அவர் உடனே மிஷினை வாங்கிக்கொண்டார். இரும்புப் பாகங்களைக் கம்பளி மடிப்பில் வைத்து, சட்டைக் காலரைத் தேய்க்கும் அதே பதத்தில் மேலே தேய்த்தார். மரப்பெட்டியைக் கரியடுப்புக்கு ஒரு முழம் தள்ளி வைத்துத் திருப்பித் திருப்பிக் காயவைத்தார். ஆவி எழும்பியது. காத்திருந்த துணி மூட்டைகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கூடவே போன நான் இரண்டு மணி நேரம் வாய் பிளந்து நின்றேன். இப்படி ஒரு ஊரா என்று மலைப்பாக இருந்தது.

மூன்றரைக்கு நானே அரைத்தேன். கெட்டிலில் நீர் கொதித்ததும் மீனா தூளைப் போட்டு மூடி, குழந்தையைப் போர்த்துவதுபோல ரஜாய்ப் பஞ்சுப் போர்வையில் சுற்றிவைத்தாள். பிறகு துணியில் வடிகட்டிப் பால் சேர்த்தாள். அந்த மணம் எங்களுக்கு முன்னே மாடி ஏறியது.

ஜெயா எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தாள். "வாசனை புதுசா இருக்கே?"

நான் செய்ததையெல்லாம் ஒப்புக்கொண்டேன். ஒரு மாதமாகச் சிரிக்காதவள் புரையேறச் சிரித்தாள்.

"மீனா, அண்ணன் அரைச்சதுல ஒரு ஸ்பூன் உள்ளயே விடு. இனிமே அதுமேல அரைப்போம்."



வியாழன் மாலை ரயில் ஏறினேன். மதுரையில் எங்கள் மிஷின் எங்கள் வீட்டை விட்டு வெளியே போனதே இல்லை. கிட்வாய் நகர் மிஷின் அன்று மூன்றாவது வீட்டுக்குப் போயிருந்தது, என் தூளும் கொஞ்சம் கலந்து.