கார்டு வேதசிரோமணியின் ஜமைக்கா தட்டுகள்

கடற்கரை ஸ்டேஷனில் மீன் கூடையோடு அங்காளம்மா கடைசிப் பெட்டியை நோக்கி ஓடி வந்தால், கார்டு வேதசிரோமணியின் விசிலில் தண்ணீர் புகுந்துவிடும். சித்திரை வெயிலிலும் புகும். அவர் அதை உதறுவார், கைக்குட்டையால் துடைப்பார், வெளிச்சத்தில் பிடித்து உள்ளே எட்டிப் பார்ப்பார். அதற்குள் கூடையும் அதன் பின்னால் அங்காளம்மாவும் ஏறியிருப்பார்கள். பிறகுதான் தாம்பரம் வண்டிக்கு விசில் கேட்கும். மற்றபடி அரை நிமிடத் தாமதத்தையும் பொறுக்காத மனிதர். அவர் சைக்கிள் தெருமுனை திரும்புவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறவர்கள் சேலையூரில் இருந்தார்கள்.

அப்படிப்பட்டவருக்குப் பிடித்துப்போனது, தாளம் எப்போதும் ஓர் அடி பிந்தி வருகிற பாட்டு.

அறுபத்தெட்டில் கிறிஸ்தவப் பாட்டுத் தட்டு தேடி மூர் மார்க்கெட்டுக்குப் போனார். பழைய தட்டு விற்கிற சேட்டு, கப்பல் சமையற்காரன் ஒருவன் விற்றுவிட்டுப் போன சின்னத் தட்டு ஒன்றை நீட்டினார். நடுவில் ரூபாய்க் காசைவிடப் பெரிய ஓட்டை. “எந்த மெஷின்லயும் நிக்காது சார். எலி கடிச்ச மாரி கீது. சும்மா எடுத்துக்கினு போ,” என்றார்.

வேதசிரோமணி வீட்டுக்கு வந்து பழைய ரப்பர் செருப்பின் குதிகாலை வட்டமாக வெட்டி, நடுவில் ஒரு துளை போட்டு, ஓட்டையில் பொருத்தினார். தட்டு சுழன்றது. அடுப்படியிலிருந்து மனைவி ஞானஜோதி எட்டிப் பார்த்தாள். பாட்டுக்கு விக்கல் எடுத்தது போல இருந்தது. பக்கத்து வீட்டு ரேடியோ மெக்கானிக் யாரும் கூப்பிடாமலே திருப்புளியோடு வந்து நின்றார். மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, ஜமைக்காவில் அப்படித்தான் பாடுவார்கள் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தார் வேதசிரோமணி. ஜமைக்கா எங்கே இருக்கிறது என்று மறுநாள்தான் தேசப்படத்தில் பார்த்தார்.

ஆறு வருடத்தில் நாற்பத்தொரு தட்டுகள் சேர்ந்தன. பாட்டு வகைவாரியாகப் பிஸ்கட் டின்களில் பிரித்து அடுக்கி வைத்தார். “ஸ்கா எக்ஸ்பிரஸ், ராக்ஸ்டெடி பாசஞ்சர், ரெகே கூட்ஸ். எல்லாம் ஒரே லைன்தான் ஜோதி. வேகம்தான் குறைஞ்சுகிட்டே வருது,” என்பார். ஞானஜோதிக்கு மூன்றும் ஒன்றுதான். ஆனால் பாதிப் பாட்டில் சீயோன் என்று காதில் விழுந்தது. பைபிளில் வருகிற சீயோனைப் பாடுகிறவன் கெட்டவனாக இருக்க மாட்டான் என்று அவள் விட்டுவிட்டாள். அந்தப் பாட்டுக்காரர்கள் சீயோனை நினைத்துக்கொண்டு என்ன புகைத்தார்கள் என்பது இருவருக்கும் தெரியாது. சிலதைத் தெரியாமல் வைப்பதும் கர்த்தருடைய கிருபைதான்.

நாற்பத்தொன்றில் சிவப்பு லேபிள் ஒட்டிய ஒன்று மட்டும் தனி. பாடினவள் பெயரை யாரோ ஆணியால் சுரண்டியிருந்தார்கள். அதை ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு எடுப்பார்.

எழுபத்துநாலாம் வருட அறுப்பின் பண்டிகைக்கு ஞானஜோதி வளர்த்த கோழியை இரண்டு நாள் முன்பு நாய் கொண்டுபோய்விட்டது. கோயிலில் காணிக்கை ஏலத்துக்கு வைக்க வேறு ஒன்றும் இல்லை. வீட்டில் பிரியமானது எதுவோ அதைக் கொடுங்கள் என்று போதகர் போன வாரம்தான் பிரசங்கம் செய்திருந்தார். அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சிவப்பு லேபிளை முந்தானையால் துடைத்து எடுத்துக்கொண்டு போய் வாழைத்தாருக்கும் பூசணிக்காய்க்கும் நடுவில் வைத்தாள். இன்னும் நாற்பது இருக்கிறதே என்பது அவள் எண்ணம்.

வேதசிரோமணி டியூட்டி முடிந்து வெள்ளை யூனிபாரத்தோடு நேரே வந்தபோது போதகர் அந்தத் தட்டைத் தூக்கிப் பிடித்திருந்தார். ஏலம் கேட்டுக்கொண்டிருந்தவர் ரத்தினபாய் டீச்சர். பழைய தட்டுகளை வெந்நீரில் முக்கி, ஓரத்தைப் பூவிதழ் மாதிரி வளைத்துப் பூந்தொட்டி செய்யும் கலையை அந்த வருடம்தான் கற்றுக்கொண்டிருந்தார். மூன்று தொட்டிகள் ஏற்கெனவே கோயில் ஜன்னலில் இருந்தன. “இதுல பாருங்க, ஓட்டை பெரிசு. தண்ணி தேங்காது,” என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கினார். டீச்சர் கேட்டால் எதிர்த்துக் கேட்கிற வழக்கம் அந்தச் சபையில் இல்லை. அன்று சாயங்காலமே தட்டு வெந்நீருக்குப் போய்விடும்.

ஞானஜோதி கணவன் முகத்தைப் பார்த்தாள். நாற்பது வேறு, இது வேறு என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. என்னைக் கேட்காமல் கொண்டுவந்துவிட்டாள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் தட்டு திரும்பிவிடும். அவள்தான் நாலு பேர் நடுவில் தலைகுனிய வேண்டும். அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கையைத் தூக்கி, டீச்சர் கேட்டதற்கு மேல் கேட்டார். டீச்சர் சிரித்துக்கொண்டே ஏற்றினார். பையில் இருந்தது தீர்ந்ததும் வேதசிரோமணி சைக்கிள் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இதையும் சேத்துக்கோங்க ஐயா.”

அடுத்த ஞாயிறு போதகர் பெயர் சொல்லிப் புகழ்ந்தார்: ஆண்டவருக்கு என்றால் சைக்கிளைக்கூடப் பெரிதாக எண்ணாதவர். வேதசிரோமணி தலையைக் குனிந்துகொண்டார். அது தாழ்மை என்று சபை எடுத்துக்கொண்டது. ஒரு வருடம் அவர் ஸ்டேஷனுக்கு நடந்தே போனார். வழியில் பார்த்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அவரைக் காட்டினார்கள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஞானஜோதி அழுதபோது, “கடவுளுக்குத்தானே குடுத்தே, எனக்கென்ன வருத்தம்,” என்றார். மீட்டு வந்த சிவப்பு லேபிள் இருந்த டின்னுக்கு அன்றிலிருந்து பூட்டு வந்தது.

எழுபத்தேழில் ரத்தினபாய் டீச்சர் ரிட்டயராகி, தங்கையோடு இருக்கப் பாளையங்கோட்டைக்குக் கிளம்பினார். வழியனுப்பக் கணவனும் மனைவியும் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனார்கள். டீச்சர் ஜன்னல் வழியாக, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை நீட்டினார்.

“அன்னிக்கு ஏலத்துல நீங்க ஆசைப்பட்டதை நான் கேட்டிருக்கக் கூடாது. மனசுல இருந்துகிட்டே இருந்தது. மூர் மார்க்கெட்ல அந்தச் சேட்டு இதை உங்களுக்குன்னே எடுத்து வெச்சிருந்தாராம். குடுக்கவே மாட்டேன்னார். உங்களுக்குத்தான்னு சொல்லி வாங்கிட்டு வந்து, நானே செஞ்சேன்.”

காகிதத்துக்குள், ஓரமெல்லாம் பூவிதழாக வளைந்த கறுப்புத் தொட்டி.

வேதசிரோமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொட்டிக்குள் முகத்தை விட்டு, அடியில் நெளிந்திருந்த லேபிளைத் திருப்பித் திருப்பிப் படித்தார். இரண்டு வருடமாகச் சேட்டிடம் சொல்லி வைத்திருந்த பெயர் அது என்று, அவர் உதடு அசைந்த விதத்திலேயே ஞானஜோதிக்குத் தெரிந்துவிட்டது. வண்டி நகரத் தொடங்கியது. அவர் தொட்டியை மார்போடு அணைத்தபடி ஜன்னலோடு கூடவே நடந்தார்.

“ரொம்ப நல்லாருக்கு டீச்சர். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். வேற யாருக்கும் இந்த மாதிரி செஞ்சு குடுத்துடாதீங்க. எங்க வீட்ல மட்டும்தான் இருக்கணும்.”