பஸ் வைஃபையும் முறிகண்டிப் பிள்ளையாரும்

கண்ணாடியில் "இலவச வைஃபை" என்று ஒட்டியிருந்ததை நம்பித்தான் இன்று கிளிநொச்சியில் வவுனியா பஸ்ஸில் ஏறினேன். போனில் டேட்டா முடிந்துவிட்டது. வேலை விண்ணப்பத்தைப் பன்னிரண்டு மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

வைஃபை இணைந்தது. இணையம்தான் வரவில்லை.

போனை அணைத்து மீண்டும் போட்டேன். வைஃபையை அழித்துவிட்டுத் திரும்ப இணைத்தேன். போனை யன்னலுக்கு வெளியே கூட நீட்டிப் பார்த்தேன். கடைசியில் கொண்டக்டரிடம், "அண்ணை, ரவுட்டரை ஒருக்கால் நிப்பாட்டித் திரும்பப் போடுங்கோவன்," என்றேன்.

"அது ட்ரைவரின்ரை தலைக்கு மேலை கிடக்கு தங்கச்சி. ஓடேக்கை தொடேலாது."

பக்கத்துச் சீட் அன்ரி என் பதற்றத்தைப் பார்த்துவிட்டு, "முறிகண்டி வரட்டும் பிள்ளை," என்றார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது.

முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் அந்த வீதியால் எந்த வாகனமும் போகாது; எங்கள் பஸ்ஸும் வழக்கம்போலக் கோயிலடியில் நின்றது. ட்ரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கற்பூரம் கொளுத்தப் போனார். அன்ரியும் இறங்கிக் கும்பிட்டுவிட்டு வந்தார். பஸ் கிளம்பியதும் இணையம் வந்தது, விண்ணப்பமும் போய்விட்டது!

"எஞ்சின் நிண்டதாலை ரவுட்டரும் நிண்டு, திரும்ப வேலை செய்யுது அன்ரி," என்று விளக்கினேன்.

"ஓம் பிள்ளை. பஸ்ஸை நிப்பாட்ட வச்சது ஆர்?"

வவுனியா வரும்வரை அந்தப் பஸ் வைஃபையிலேயே இதை எழுதி முடித்தேன். அன்ரியின் கேள்விக்கு உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் கீழே எழுதுங்கள்.