நாற்றம் நின்ற நேரம்

தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலிப் பேட்டைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் ஃபிட்டராக இருந்தேன். புழுங்கல் அரிசிக்காக நெல்லை ஊறவைத்து அவிக்கும் ஆலை. ஊறல் தண்ணீரெல்லாம் களத்தோரம் தரைக்கடியில் இருந்த தொட்டியில் போய்ச் சேரும். இரண்டு ஆள் ஆழம் இருக்கும். வாய் மட்டும் ஒரு ஆள் நுழையும் அளவுதான்.

ஒரு பொங்கலுக்கு ஐந்து நாள் ஆலை அடைத்துக் கிடந்தது. திறந்த அன்று தொட்டி மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை. குழாயின் அடியில் சகதி அடைத்திருக்க வேண்டும். மூடியைத் தூக்கியதும் அழுகிய முட்டை நாற்றம் களம் முழுக்க அடித்தது.

"நான் எறங்குதேன் அண்ணாச்சி" என்றான் ஒரு சுமட்டுக்காரன். புதுமாப்பிள்ளை. அவனுடைய அக்காவும் எங்கள் களத்தில்தான் நெல் காயவைத்தாள். நாற்பது வயதிருக்கும், கணவனை இழந்தவள், அதிகம் பேசமாட்டாள். அன்று ஓடிவந்து, கயிறு கட்டாமல் விடமாட்டேன் என்று மறித்து நின்றாள். நாங்கள் எத்தனையோ தடவை வெறுமனே இறங்கிய தொட்டி அது. அவன் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கிக் காட்ட, அக்குளைச் சுற்றி அவளே முடிச்சுப் போட்டாள்.

இரும்புப் படியில் இறங்கினான். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அண்ணாச்சி, இங்கன நாத்தமே இல்ல. மேலதான் நாறுது."

"நல்லதாப் போச்சுலே, சீக்கிரம் முடி" என்றேன்.

பொத்தென்று ஒரு சத்தம். கூப்பிட்டேன். பதில் இல்லை.

செருப்பை உதறிவிட்டுக் காலை உள்ளே விட்டேன். பின்னாலிருந்து யாரோ சட்டைக் காலரைப் பிடித்து இழுக்க, மல்லாக்க விழுந்தேன். எழுந்து பார்த்தால், அவள் தொட்டி வாயை மறித்து உட்கார்ந்திருந்தாள்.

"ஒருத்தரும் எறங்கப்படாது!"

"உன் தம்பில்லா உள்ள கெடக்கான், அக்கா!"

"எனக்குத் தெரியாதா தம்பி? எங்க வீட்டுக்காரவுக இப்படித்தான் ஒரு குழிக்குள்ள போனாவ. தூக்கப் போன எங்க கொழுந்தனும் வரல. கயித்த இழுங்க!"

நானும் இரண்டு பேரும் இழுத்தோம். அவள் விலகினாள், ஆனால் ஒரு கையை என் நெஞ்சில் ஊன்றியபடியே இருந்தாள். வாயருகே அவன் தோள் சிக்கியது. பைய ஒருக்களித்துத் தூக்கினோம். முகமெல்லாம் சகதி. மூச்சு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. காற்று வரும் பக்கமாகத் தள்ளிப் போட்டு முகத்தைத் துடைத்தபோது லேசாக இருமினான். முதலாளியின் வேனில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

சாயங்காலம் கண் விழித்துவிட்டான். டாக்டர் என்னிடம், "எத்தனை பேர் எறங்குனீங்க?" என்றார்.

"ஒருத்தன்தான் சார்."

"ஒருத்தன்தானா?" என்று மறுபடியும் கேட்டார். "வழக்கமா பின்னாலயே ரெண்டு மூணு பேர் வருவாங்க."

தொட்டிக்குள் சேரும் அந்த விஷக் காற்று கூடும்போது மூக்கு மரத்துப்போகும், நாற்றம் நின்றால் அது போய்விட்டது என்று அர்த்தமில்லை என்று அவர்தான் விளக்கினார். கண்ணுக்குத் தெரியாத ஒன்று, எச்சரிக்கிற புலனையே முதலில் அணைத்துவிட்டு ஆளைச் சாய்க்கிறது. அதற்கு நான் "நல்லதாப் போச்சு" என்று சொல்லியிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய பிரமிப்பு வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்திருந்தது. சொந்தத் தம்பி கீழே கிடக்க, என்னை அவள் தடுத்திருந்தாள். பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"எப்படிக்கா அந்த நேரத்துல அங்கன உக்காரத் தோணிச்சு?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஒங்கள இழுக்கணும்னு தோணிச்சு. உக்காரணும்னுல்லாம் இல்ல தம்பி. காலு ரெண்டும் விட்டுப்போச்சு, விழுந்துட்டேன்."

சுவரைப் பிடித்து எழுந்து, தம்பிக்குக் கஞ்சி கொடுக்க உள்ளே போனாள்.