இடது கைக்கு ஒரு ரேசர்

ராமதாஸ் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இருபத்து மூன்று வருடம் பிரஸ் மெஷின் ஓட்டியவர். போன வருடம் ஒரு பிற்பகலில் அந்த மெஷின் அவருடைய வலது கையின் நடு மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. ஆஸ்பத்திரியிலிருந்து ரைபிள் ரேஞ்ச் குடியிருப்பில் இருந்த தன் ஃபிளாட்டுக்குத் திரும்பிய பிறகு, வெளியே போனால் அந்தக் கை கால்சட்டைப் பையில் இருக்கும்; வீட்டில் இருந்தால் தோளில் போட்ட துண்டுக்கு அடியில்.

சவரம் செய்துகொள்ள முடிதிருத்தும் கடைக்கு ஒரே ஒரு தடவை போனார். "என்னண்ணே ஆச்சு?" என்று கடைக்காரர் கேட்டதும் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதோடு சரி.

பிறகு மனைவி ருக்குமணிதான் மழித்துவிட்டாள். அவளும் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்பவள். பொழுது கிடைக்கும்போது அவரைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து, அவருடைய பழைய இருபக்க பிளேடு ரேசரால் நிதானமாக இழுப்பாள். ஒரு நாள் உதட்டோரம் வெட்டிவிட்டது. "கண்ணு எங்க இருக்கு உனக்கு?" என்று கத்திவிட்டார். அவள் ரத்தத்தைத் துடைத்துவிட்டு, மறுபக்கத்தைத் தொடர்ந்தாள். அன்று முழுக்க அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எட்டு மாதம் இப்படிப் போனது. கடைசியில் குர்னி டிரைவ் பக்கம் ஓர் அடுக்குமாடியில் காவலர் வேலை கிடைத்தது. மேற்பார்வையாளர் நூர் முகம்மது போனில் சொன்னார்: "திங்கக்கிழமை வந்துருங்கண்ணே. யூனிபார்ம் நாங்க தருவோம். மொகம் மட்டும் டெய்லி கிளீனா இருக்கணும்லா."

ருக்குமணிக்குக் காலை ஷிப்ட். அவளுடைய ஃபேக்டரி பஸ் ஐந்தே காலுக்கே வந்துவிடும். சனிக்கிழமை பார்மசிக்குப் போய் ஒரு புது ரேசர் வாங்கி வந்தாள்.

"இதுல அஞ்சு பிளேடு இருக்காம். தாடைக்குத் தக்கன தலை தானா வளையுமாம்."

"இடது கையில எடுத்தா எனக்குச் சோறே நேரா வாய்க்கு வரமாட்டேங்குது, ருக்கு."

"சோத்துக்கு நான் பக்கத்துல இருப்பேன். திங்கக்கிழமை காலையில பஸ்ஸுல இருப்பேன்."

ஞாயிறு காலை நுரையைப் பூசிக்கொண்டு குளியலறைக் கண்ணாடி முன் நின்றார். பழைய பழக்கத்தில் அழுத்தி இழுத்தார். நான்கு நாள் முடி பிளேடுகளுக்கு நடுவே அடைத்துக்கொண்டது. அடுத்த இழுப்பில் ரேசர் நுரையை மட்டும் வழித்துக்கொண்டு போனது. குழாயைத் திறந்து கழுவினார். அழுத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்த்தார். கன்னம் வெளிவந்தது. கீறலில்லை.

தாடைக்கு அடியில்தான் சிக்கல். தளர்ந்த தோல் மடிந்து மடிந்து ரேசரைத் தடுத்தது. இன்னொரு கையால் இழுத்துப் பிடித்தால்தான் ஆகும். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ராமதாஸ் அப்படியே நின்றார்.

பிறகு துண்டுக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்தார். எட்டு மாதமாக அந்தக் கை அவர் முகத்தைத் தொட்டதே இல்லை. கட்டைவிரலைத் தாடையில் ஊன்றி, சுண்டுவிரலால் கழுத்துத் தோலைக் கீழே இழுத்தார். நடுவில் விரல்கள் இல்லாத இடம் சுரீரென்றது. கண்ணாடியில் எல்லாம் கலங்கித் தெரிந்தது. தடவித் தடவியே மழித்தார்.

"என்னங்க, தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு?" வெளியிலிருந்து ருக்குமணி.

"இரு, கழுத்து இன்னும் முடியல."

வெளியே வந்தவரின் முகத்தை அவள் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். ரேசருக்காகக் கையை நீட்டியவள், என்ன நினைத்தாளோ, மடக்கிக்கொண்டாள். "வலது காதுக்குக் கீழ கொஞ்சம் இருக்கு," என்று மட்டும் சொன்னாள். அவர் திரும்ப உள்ளே போனார்.

திங்கட்கிழமை தேநீர் இடைவேளையில் அவள் போன் செய்தாள். அவர் காவல் கூண்டில் இருந்தார்.

"வெட்டிக்கிட்டீங்களா?"

"இல்ல. ஆனா அரை மணி நேரம் ஆயிடுச்சு. ஓடிப் போய்த்தான் பஸ் ஏறினேன்."

"நூர் முகம்மது என்ன சொன்னாரு?"

"கையெழுத்துப் போடச் சொன்னாரு. இடது கையால கிறுக்கினேன். பரவால்லண்ணேன்னாரு."

வாசலில் ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"காடி வந்துருச்சு, வைக்கிறேன்," என்று சொல்லி, ராமதாஸ் தடுப்புக் கம்பத்தைத் தூக்கப் போனார்.