கும்பினி காலத்துப் பயணியும் நைனாவும்

கொரட்டூர் ஃபிளாட்டுக்குக் குடிவந்த பிறகு நைனா பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஆவடி குவார்ட்டர்ஸில் வாசலில் நின்றபடியே தெருவை அதட்டிய அப்பா அவர். ஃபேக்டரியில் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும், செய்தோம். இங்கே வந்தபின் “சாப்ட்டியா?” என்பதற்கு மேல் வாய் திறப்பதில்லை. கண் பார்வையும் மங்கிவிட்டது. மனிதர் இப்படியே ஒடுங்கிப்போய்விடுவாரோ என்று பயந்தேன்.

நல்லவேளையாக அந்தப் பயணி வந்து சேர்ந்தான். கிழக்கிந்தியக் கும்பினி காலத்து மதராஸைச் சுற்றிப் பார்த்த ஒரு வெளிநாட்டுக்காரனின் பயணக் கதை, தமிழில் கிடைத்தது. ஆபீஸ் விட்டு வந்ததும் காபியைக் கையில் கொடுத்துவிட்டு நைனாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

அந்த மகானுபாவனுக்கு எதுவுமே பிடிக்கவில்லை. கப்பலிலிருந்து கரை சேர்ப்பதற்குள் படகுக்காரர்கள் தொப்பலாக நனைத்துவிட்டார்களாம். காக்காய்கள் தட்டிலிருந்தே ரொட்டியைத் தூக்கிப்போயினவாம். பல்லக்குத் தூக்கிகள் பாடியே உயிரை வாங்கினார்களாம்.

நைனா நாற்காலியில் நிமிர்ந்தார். “தூக்கறவன் மூச்சு முட்டிப் பாடறான். குந்திகினு போறவனுக்கு இன்னா நோவுது?”

எத்தனை மாதம் கழித்துக் கேட்ட குரல்! அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

பூந்தமல்லி போகிற வழியில் பார்க்க ஒன்றுமில்லை என்று அவன் எழுதியிருந்த இடத்தில் வீடே அதிர்ந்தது. நைனா பிறந்து வளர்ந்த ஊராயிற்றே.

“ஒண்ணியும் இல்லியா? பல்லக்குல தூங்கிகினு வந்துட்டு எழுதிக்கீறான்!”

மல்லிகைத் தோட்டத்தில் ஆரம்பித்து, ஏரி, சந்தை என்று போய், ஆவடி வந்து, ஃபேக்டரி சங்கு ஊதினால் உலையில் அரிசி போடும் அம்மாவரைக்கும் சொல்லிவிட்டார். அம்மா போனபிறகு அவர் அவளைப் பற்றிப் பேசியதே இல்லை. எனக்கு அந்தப் பயணியைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கடைசி அத்தியாயத்தில் பயணி ஊருக்குக் கப்பலேறினான். அத்தனை குறை சொன்னவன், கோட்டையும் தென்னை வரிசையும் மறையும்வரை மேல்தளத்திலேயே நின்றானாம். சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லையாம். நைனாவிடமிருந்து வசவு வரும் என்று காத்திருந்தேன்.

“அவன் பரவால்லம்மா,” என்றார். “நின்னு பாத்துட்டுப் போயிருக்கான். நானு ஆவடிலேருந்து சாமானையெல்லாம் லாரில ஏத்திகினு வந்தேன் பாரு, டிரைவர் பக்கத்துல குந்திகினு ரோட்டையே பாத்துகினு வந்தேன். திரும்பினா அழுதுடுவேன்னு பயம். ஒங்கம்மா வாழ்ந்த ஊடும்மா அது. ஒரு தபா திரும்பிப் பாக்கலியே.”