என் போன் போட்ட வேஷம்

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் பொய் சொன்னார். லிஃப்ட் வாசலில் நின்று, என் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

"மேடம், உங்க போன்ல அந்த வசதி இல்ல. சைட்ல ஒரு தப்பும் கிடையாது."

சென்னை ஓரத்து நூம்பலில் நாங்கள் ஃப்ளாட் வாங்கும்போது கீழ்த்தளத்து ஹால் எல்லோருக்கும் பொது என்றுதான் சொன்னார்கள். பிறகு சங்கத்துக்கு ஓர் இணையதளம் வந்தது. ஹால் வேண்டுமென்றால் அதில்தான் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தளத்தைச் செய்தவர் செயலாளரே; ஐ.டி.யில் வேலை பார்க்கிறவர். என் போனில் அதைத் திறந்தால் தண்ணீர் விடும் நேரம் தெரியும், குப்பை வண்டி வரும் நேரம் தெரியும், மெயின்டனன்ஸ் கட்டும் பட்டன் பெரிதாகத் தெரியும். ஹால் என்ற சொல்லே இருக்காது. முதுகில் பழம் போட்ட விலை உயர்ந்த போன் அவருடையது. அதில் திறந்தால் அழகான காலண்டர் வரும். தேதியைத் தொட்டால் ஹால் உங்களுக்கு. அந்த போன் வைத்திருந்தவர்கள் வீட்டு நாய்க்குட்டிக்குக்கூட அங்கே பிறந்தநாள் நடந்தது.

என் தங்கைக்கு ஏழாம் மாதம். காதல் கல்யாணம் செய்துகொண்டவள். அவள் மாமியார் வீட்டார் அதுவரை எங்கள் வாசலை மிதித்ததில்லை. வளைகாப்புக்கு வருகிறோம் என்று அவர்களே சொல்லியனுப்பினார்கள். முதல் தடவை வருகிறவர்களைக் கட்டில் மேலும் வாஷிங் மெஷின் பக்கத்திலும் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் தலைநிமிர்ந்து உட்கார வேண்டும். எனக்கு அந்த ஹால் வேண்டும்.

"நான் வாயால சொல்றேன், நீங்க குறிச்சுக்குங்க சார்" என்றேன்.

"எல்லாம் சிஸ்டம் வழியாத்தான் மேடம். யார் போனையாவது வாங்கிப் போடுங்களேன்."

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, போனைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கை நீட்ட வேண்டுமாம். என் ஃப்ளாட், என் ஹால், அடுத்தவர் போன். முடியாது என்று வந்துவிட்டேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் துணிகள் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர் நான். அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவரிடம் சாப்பாட்டு வேளையில் புலம்பினேன். அவர் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, சைட்டுக்குள்ள போகும்போது உங்க பிரவுசர் தன் பேரைச் சொல்லுது. நான் இன்ன போன்லேருந்து வரேன்னு. உங்களுது உண்மையச் சொல்லித் தொலைக்குது. அதான் வாசல்லயே நிறுத்திடறாங்க."

"இப்ப இன்னா பண்ணலாம்?"

"பொய் சொல்லக் கத்துக்குடுப்போம்."

வேறொரு பிரவுசரை இறக்கினார். அதன் செட்டிங்ஸில் தன்னை என்ன போன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்று கேட்கும் ஓர் இடம் இருந்தது. பழம் போட்ட போனைத் தேர்ந்தெடுத்தார். அவ்வளவுதான் வேலை.

வீட்டுக்கு வந்து திறந்தேன். காலண்டர் வந்தது! ஆனால் அந்தப் பக்கம் என் திரைக்காகத் தைத்த சட்டை இல்லை. ஞாயிற்றுக்கிழமை திரைக்கு வெளியே போய் நின்றது. உறுதி செய்யும் பட்டன் பாதிதான் தெரிந்தது. திருவேற்காட்டுக்கும் கோயம்பேட்டுக்கும் ஷேர் வேன் ஓட்டும் என் வீட்டுக்காரர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமே, போனு ஒடிஞ்சிடுச்சா?"

"யோவ், கம்முனு இரு. நாயித்துக்கிழமையக் காணோம்."

"குறுக்கால சாச்சுப் புடி. தா, வந்துகினு கீது பாரு. அமுக்கு, அமுக்கு!"

அமுக்கினேன். ஹால் எங்களுக்கு உறுதியாகிவிட்டதாகச் செய்தி வந்தது.

மறுநாள் செயலாளர் கேட்டில் என்னைப் பார்த்துக் கை குலுக்காத குறை. எந்தப் போனிலிருந்து பதிவாகிறது என்பது அவருக்குத் தெரியுமாம். "புது போனா மேடம்? வாழ்த்துகள்!"

"உங்க ஆசீர்வாதம் சார்" என்றேன்.

அதோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. எங்கள் மாடியிலும் கீழ்த்தளத்திலும் இருந்த வீடுகளுக்கெல்லாம் போய், ஒவ்வொரு போனுக்கும் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தேன். கீழ்வீட்டுத் தையல்கார அம்மாவின் போன் கண்ணாடி நாலாக விரிசல் விட்டிருந்தது. அதுவும் பழம் போட்ட போன் ஆனது. அடுத்த வாரம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் பெருமையாக எழுதினார்: நம் குடியிருப்பில் பெரும்பாலோர் உயர்தர போனுக்கு மாறிவிட்டார்கள், நம் வாழ்க்கைத்தரம் உயர்ந்திருக்கிறது. தையல்கார அம்மா அதற்கு ஒரு கும்பிடு போட்டார்.

லிஃப்டில்தான் மாட்டிக்கொண்டேன். தங்கை கூப்பிட்டாள், போனை எடுத்துக் காதில் வைத்தேன். செயலாளர் அதையே பார்த்தார்.

"புது போன் எங்க மேடம்?"

"இதான் சார். சைட்டுக்குள்ள போனா மட்டும் புதுசாயிடும்."

அன்று சாயங்காலமே என் பதிவு ரத்தாகிவிட்டது. காரணம் எழுதவில்லை. மறுநாள் ஞாயிறு, வளைகாப்பு. தங்கையின் மாமியார் வீட்டில் வேன் பேசிவிட்டார்கள். வந்த கோபத்தில் குழுவில் ஒரே வரி எழுதினேன்: "என் ஹால் பதிவு ஏன் ரத்தானது? காரணத்தை இங்கேயே எழுதவும்." கீழே தையல்கார அம்மா "எழுதவும்" என்றார். வீடு வீடாக "எழுதவும்" வந்துகொண்டே இருந்தது.

அவர் என்ன எழுதுவார்? போன் மட்டம் என்று எழுதினால், போனைப் பார்த்துத்தான் ஆளை உள்ளே விடுகிறார் என்பது வெளியே வந்துவிடும். எழுதவில்லை. சத்தமில்லாமல் என் பதிவைத் திருப்பிப் போட்டார்.

ஹாலில் வளைகாப்பு நடந்தது. தங்கையின் மாமியார் தானே முதல் வளையலைப் போட்டார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். செயலாளரும் வந்தார். புளிசாதம், எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று ஒன்று விடாமல் சாப்பிட்டார், இன்னொரு தடவை புளிசாதமும் கேட்டார். போட்டேன். வீட்டுக்குப் போய் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார்: "மேடம், இதை நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாமே?"

என் பதில் இதுதான்: நமக்குள் ஒன்றும் இல்லை சார். அதே பழைய போன்தான், பேரை மாற்றியதும் எல்லாம் வேலை செய்தது. அப்படியானால் வசதி இல்லாதது எதில்? எங்கள் போன்களுக்குக் காட்டும் பக்கத்தில் மெயின்டனன்ஸ் பட்டன் இருக்கிறது, ஹால் பட்டன் ஏன் இல்லை? தெரியாமல் விட்டீர்களா, தெரிந்தே விட்டீர்களா? குழுவில், எல்லோரும் படிக்கிற இடத்தில், உங்கள் பெயரோடு பதில் எழுதுங்கள்.